டின்னில் இருந்த ஆறாவது வரி

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. சனிக்கிழமை மாமா தன் பிக்கப் வண்டியின் சரக்குத் தொட்டியைச் சோப்பு போட்டுக் கழுவி, நாள் முழுக்க வெயிலில் காய வைத்தார்.

2. ஞாயிறு காலை வண்டியை ரைஸ் மில்லின் பழைய குடோனுக்குள் ஏற்றினார். தொட்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். தின்னரில் நனைத்த துணியால் துடைத்தோம். விளிம்புகளில் டேப் ஒட்டினோம்.

3. டின்னில் ஆங்கிலத்தில் இருந்ததை நான் படித்துத் தமிழில் சொன்னேன். மொத்தம் பதினொரு வரிகள். ஆறாவது வரியை மாற்றிச் சொன்னேன்.

4. பக்கத்து வயலில் அறுவடை மெஷின் இறங்கியது. பதர் பறந்தது. குடோன் கதவைச் சாத்தினோம்.

5. முதல் பூச்சு பூசினார்.

6. மூன்று மணி நேரம் கழித்து இரண்டாவது பூச்சு. பாதியில் அவருக்கு மூச்சு முட்டியது.

7. நான் கதவைத் திறந்தேன். உடனே திறக்கவில்லை.

8. மூன்று நாள் வண்டியில் பாரம் ஏற்றவில்லை. நான்காம் நாள் மீன் ஏற்றினார்.

ஒரு பூச்சு தோற்றுப்போனால் எங்கள் சோதனைக்கூடத்தில் முதலில் இப்படித்தான் எழுதுவோம். என்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது, அவ்வளவுதான். காரணத்தை அப்போது எழுதக்கூடாது என்பது விதி. ஓசூரில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் எனக்கு அந்த வேலை. இந்தப் பட்டியலில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தப் பூச்சு தோற்கவில்லை.

மாமா என்று கூப்பிட்டேனே தவிர உறவில்லை. ஒரத்தநாட்டில், கல்லணைக் கால்வாய்க்கு இந்தப் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. என் அப்பா அவரை மாப்ள என்பார். அவர் அப்பாவை மச்சான் என்பார். பதினொரு வருஷம் வளைகுடாவில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், இரண்டு மாதம் இருப்பார், போய்விடுவார். எனக்குப் பதினெட்டு வயதான அந்த வருஷம் வந்தவர், "இனிமே போறதில்ல" என்றார். பள்ளிவாசலில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னார். கொண்டுவந்ததை எல்லாம் போட்டு ஒரு வெள்ளைப் பிக்கப் வாங்கினார். அந்த வண்டி ஓடுகிறவரை அவர் ஊரில் இருக்கலாம், வண்டி நின்றால் திரும்பப் போக வேண்டும். கணக்கு அவ்வளவு எளிது.

அவர் மகளுக்கு அப்போது ஆறு வயது. அவள் பிறந்த பிறகு அவர் வந்தது அது மூன்றாவது தடவை. இரண்டு மாதம் முடிந்து மூன்றாவது மாதம் தொடங்கியதும் அவளுக்குக் குழப்பமாகிவிட்டது. ஒருநாள் எங்கள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது மாமியின் முந்தானையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்.

"அம்மா, அவரு எப்ப போவாரு?"

மாமி அவள் வாயைப் பொத்தினார். மாமா சிரித்தார். "போகமாட்டாருன்னு சொல்லு" என்றார், மகளிடம் அல்ல, மாமியிடம்.

மாமாவுக்கு எந்தப் பொருளும் வெறுமனே இருக்கக்கூடாது. அவர் வீட்டு ஃபிரிட்ஜின் கதவில் கடையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது, ஓரங்கள் மட்டும் சுருண்டு. டிவி ரிமோட் ஒரு பாலித்தீன் உறைக்குள் இருக்கும். கைக்கடிகாரத்தின் கண்ணாடி மேல் இருந்த மெல்லிய தாளை அவர் உரிக்கவே இல்லை. அது மஞ்சளாகி, மணி பார்க்க வேண்டுமென்றால் கையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடிக்க வேண்டியிருந்தது. வண்டி வாங்கிய புதிதில் சீட்டு மேல் இருந்த பாலித்தீனைக் கழற்றாமல் ஓட்டினார். சித்திரை வெயிலில் அது இளகி அவர் சட்டையோடு ஒட்டிக்கொண்டது. சட்டையை முதுகோடு பிய்த்தெடுத்த மாதிரி இருந்தது என்று மாமி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"உன் வீட்டுல தயிருக்கு மட்டும்தான் மாப்ள ரெண்டு மூடி இல்ல" என்பார் அப்பா.

"தயிருக்கு மூணுண்ணே" என்பார் மாமி. "வந்து பாருங்க."

மாமா கோபித்துக்கொள்ள மாட்டார். "மேல ஒண்ணு இருக்கணும் மச்சான். அடி விழுந்தா அது வாங்கிக்கணும். உள்ள இருக்கறது வாங்கக்கூடாது."

அங்கே என்ன வேலை என்று கேட்டால் சூப்பர்வைசர் என்பார். ஒரு புகைப்படம் வைத்திருந்தார். வரிசையாக நிற்கும் புது வண்டிகளுக்கு முன்னால், முழுக்கைச் சட்டையில், கையில் ஒரு ரைட்டிங் பேடுடன் நிற்பார். மாமி அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அந்தச் சட்டத்துக்கும் மேலே ஒரு பாலித்தீன்.

அவர் இருமுவார். பலமாக அல்ல. வாயை மூடிக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே. மாமியிடம் அதற்கு மீன்பெட்டி ஐஸ் காரணம். அப்பாவிடம் வைக்கோல் தூசி. என்னிடம், அங்கே இருந்த ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். மூன்று பேரிடம் மூன்று காரணம். தெருவில் நான்தான் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறவள் என்பதால் எனக்கு அது உறுத்தியது. அவர்கள் இருவரிடமும் நான் ஒப்பிட்டுச் சொல்லவில்லை.

விடிவதற்குள் மல்லிப்பட்டினம் போய் மீன் ஏற்றுவார். திரும்பும்போது ஒரத்தநாடு சந்தையில் இறக்குவார். மீன் இல்லாத நாளில் பேராவூரணியிலிருந்து தேங்காய். ஐஸ் உருகி, மீன் தண்ணீர் பெட்டியிலிருந்து கசிந்து, தொட்டியில் நிற்கும். கடல் உப்பு. நாலே மாதத்தில் தொட்டியின் மூலையில் வெள்ளைப் பெயிண்ட் அம்மை போட்ட மாதிரி கொப்புளித்தது. விரலால் அழுத்தினால் பொடிந்து, அடியில் செம்மண் நிறத்தில் துரு.

அன்று அவர் வண்டியை விட்டு இறங்கி அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. வீட்டுக்குள்ளே போகவில்லை. சாப்பிடவில்லை. மாமி வந்து கூப்பிட்டபோது தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த இடத்தின் மேல் போட்டார், மாமி பார்த்துவிடாதபடி.

அங்கே பாலைவனத்தில் ஓடும் பிக்கப்புகளுக்குத் தொட்டிக்குள் கறுப்பாகத் தடிமனாக ஒன்று பூசுவார்கள், கடப்பாரை விழுந்தாலும் தாங்கும், உப்பு இறங்காது என்று அப்பாவிடம் சொன்னார். இங்கே அதற்கு ஆள் கிடையாது. "நானே போட்டுருவேன்" என்றார்.

"சூப்பர்வைசருக்கு அதெல்லாம் வருமா மாப்ள?"

"பாத்துருக்கேன்ல."

பூசுகிற மாலும் அவரிடமே இருந்தது. கப்பலில் வந்த கார்கோ பெட்டியில், போர்வைகளுக்கு நடுவே நான்கு டின்கள். தீப்பிடிக்கும் பொருளைப் போடக்கூடாது என்பதால் போர்வையில் சுற்றி, அதன் மேல் பால்பவுடர் டப்பாக்களை அடுக்கி அனுப்பியிருந்தார். டின்களின் மேல் ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் ஆங்கிலம். அவருக்கு இரண்டும் படிக்கத் தெரியாது. நான் தஞ்சாவூர் பாலிடெக்னிக்கில் கெமிக்கல் டிப்ளமோ இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன்.

"நீ வந்து வாசிச்சு மட்டும் சொல்லும்மா. வேலைய நான் பாத்துக்கறேன்."

குடோனில் அந்த ஞாயிறு காலை பழைய தவிட்டு வாசனை இருந்தது. கதவு விரியத் திறந்திருந்தது. மாமா தொட்டிக்குள் குந்தியிருந்தார். நான் கீழே ஒரு கவிழ்த்த வாளியின் மேல், டின்னை மடியில் வைத்துக்கொண்டு.

"ஒண்ணு?"

"பூசற இடம் ஈரமில்லாம இருக்கணும்."

"இருக்கு. ரெண்டு?"

"எண்ணெய் பிசுக்கு இருக்கக்கூடாது."

"மீன் எண்ணெய்னு போட்டுருக்கானா?"

"இல்ல மாமா, எண்ணெய்னுதான்."

"அவனுக்கு மீனப் பத்தித் தெரியாது. இன்னொரு தரம் தொடச்சிருவோம். மூணு?"

"துருவயும் பளபளப்பயும் தேச்சு எடுக்கணும்."

"ஆச்சு."

"நாலு. ரெண்டு டின்னயும் கலந்துட்டா அரை மணி நேரத்துக்குள்ள பூசி முடிச்சிரணும். அஞ்சு. காத்தோட்டமான எடத்துல வச்சுப் பூசணும்."

"கதவு தொறந்துதானே கெடக்கு. ஆறு?"

ஆறாவது வரி இதுதான்: இளைப்பு, மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் இந்தப் பொருளைப் பயன்படுத்தவே கூடாது. மற்ற வரிகளைவிடத் தடித்த எழுத்தில் இருந்தது. நான் அதை வாசித்தேன், மனசுக்குள். அவர் முகத்தைப் பார்த்தேன். தொண்டைக்குள் இருமிக்கொண்டிருந்தார். ஒரு பெரியவரிடம், "உங்களால் முடியாது" என்று எப்படிச் சொல்வது? அவருக்கு இளைப்பு இருக்கிறது என்பதை யாருமே பேசாத தெருவில், நான் எப்படி முதலில் பேசுவது? அந்த வண்டிக்காக அவர் ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்காமல் இருந்ததும் எனக்குத் தெரியும்.

"மூச்சுத் தொந்தரவு இருக்கறவங்க கொஞ்சம் கவனமா இருக்கணுமாம்" என்றேன்.

"சரி, இருந்துக்குவோம். ஏழு?"

ஏழாவது கையுறை. அவர் இரண்டு கேரிபேகைக் கையில் மாட்டி மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டார். என்னிடம் ஒரு வெள்ளை மாஸ்க்கை நீட்டினார். ஒன்றுதான் இருந்தது. "நீ போட்டுக்க. நீ படிக்கற புள்ள." அது தூசிக்கு மட்டும்தான் ஆகும், ஆவிக்கு ஆகாது என்பது அன்று இருவருக்குமே தெரியாது. அவர் மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார்.

கலந்து முடித்த நேரம் பார்த்து அறுவடை மெஷினின் சத்தம் கேட்டது. குடோனுக்குப் பின்னாலேயே குறுவை வயல். மழை வந்துவிடும் என்று ஞாயிறு என்றும் பார்க்காமல் இறக்கிவிட்டார்கள். மெஷினின் வாலிலிருந்து வைக்கோல் தூளும் பதரும் புகை மாதிரி கிளம்பி, காற்றில் நேராகக் குடோனுக்குள் வந்தன.

"கதவச் சாத்து, சாத்து!" என்றார் மாமா. "ஈரத்துல ஒரு பதர் உக்காந்தாலும் போச்சு. அந்த எடம் வழியா உப்பு எறங்கிரும்."

நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். மேலே இருந்த ஒரே ஜன்னலில் அவர் ஏறிச் சாக்கை அடைத்தார். ஐந்தாவது வரியை வாசித்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நெல் விளையாத ஊராக இருந்தால் அந்தக் கதவு திறந்தே கிடந்திருக்கும்.

பூச்சு கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது, உள்ளே குருணை குருணையாக ரப்பர். மூலைகளுக்கு பிரஷ். சமதளத்துக்கு ரோலர். அவர் ரோலரைப் பிடித்த இரண்டாவது நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு இழுப்பின் மேல் அடுத்தது விரற்கடை அளவு ஏறும், கூடவோ குறையவோ இல்லை. விளிம்புக்கு வந்ததும் மணிக்கட்டு தானாகத் திரும்பியது. ஒரு சொட்டு கீழே விழவில்லை. பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசருக்கு அப்படி ஒரு மணிக்கட்டு வராது. பதினொரு வருஷமும் அவர் அந்த வண்டிகளின் தொட்டிக்குள் குந்தித்தான் இருந்திருக்கிறார்.

நான் கண்டுபிடித்துவிட்டேன் என்பதை அவரும் பார்த்தார். "நல்லா வருதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

"ரொம்ப நல்லா வருது மாமா."

இரண்டாவது பூச்சின்போது மதியம் தாண்டிவிட்டது. தகரக் கூரை அடுப்பாக இருந்தது. மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ரோலரின் சத்தம் நின்றதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். அவர் தொட்டியின் பக்கப்பலகையைப் பிடித்துக் குனிந்திருந்தார். வாஷர் தேய்ந்த சைக்கிள் பம்பு அடிப்பது போல ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. உதடுகள் சாம்பல் நிறம்.

"கதவத் தொறக்கட்டுமா மாமா?"

"வேணாம்." கையை ஆட்டினார். "மூலை... மூலை மட்டும்தான் பாக்கி. பதர் வந்துரும்."

அப்போது வெளியே கதவு தட்டும் ஓசை. அவர் மகளின் குரல்.

"அத்தா! டீ!"

அவள் அவரை அப்படிக் கூப்பிட்டு நான் அதற்குமுன் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை என்பது அவர் நிமிர்ந்த விதத்தில் தெரிந்தது. தாழ்ப்பாளில் இருந்த என் கையைப் பார்த்துத் தலையை ஆட்டினார், திறக்காதே என்று. கண்ணை மூடி, எங்கெங்கோ இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, தெளிவாக, ஒன்றுமே நடக்காத குரலில் சொன்னார்:

"வாசல்ல வச்சிட்டுப் போம்மா, ராசாத்தி."

காலடி ஓசை தூரமானதும் மறுபடி குனிந்துவிட்டார். குனிந்தபடியே பிரஷை எடுத்தார். அந்த மூலையைப் பூசினார். நான் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றேன். அந்த அளவு மூலையைப் பூச எவ்வளவு நேரமாகும் என்பது இப்போது எனக்குத் தெரியும், தொழில் அது. ஏழு நிமிடம். ஏழு நிமிடம் நின்றேன்.

பிறகு திறந்தேன். வெளிச்சத்தோடு பதரும் உள்ளே வந்தது. அவர் வாசலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து மூச்சை இழுத்தார். ஆறிப்போன டீயை நான் எடுத்துக் கொடுத்தேன். கால்மணி நேரம் கழித்து எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்தார். பின்கதவுப் பக்கத்து மூலையில், ஈரக் கறுப்பில், பதர் ஒட்டியிருந்தது. எண்ணினோம். நாலு.

"நாலுதானே. விடு" என்றார். பிறகு, "மாமிட்டச் சொல்லாத. உங்கப்பாகிட்டயும்."

"டாக்டர்ட்டப் போலாம் மாமா."

"போலாம். இவங்ககிட்டச் சொன்னா என்ன சொல்லுவாங்க? இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு எதுக்கு மீன் ஏத்தணும், அங்கயே போயி ஏசி ரூம்புல உக்காந்து சூப்பர்வைசர் வேலையப் பாரேன்னுதானே சொல்லுவாங்க?" சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. "நான் என்னன்னு பதில் சொல்றது?"

மாமியிடமும் அப்பாவிடமும் நான் சொல்லவில்லை.

பூச்சு பிரமாதமாக வந்திருந்தது. சந்தையில் மற்ற வண்டிக்காரர்கள் தொட்டிக்குள் கையை வைத்துப் பார்த்தார்கள். யார் போட்டது என்று கேட்டார்கள். ஐப்பசி மழை முடிவதற்குள் பட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர் தன் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். பிறகு பேராவூரணியிலிருந்து தேங்காய் வண்டிகள் இரண்டு. சென்னையில் மால் கிடைக்கும் இடத்தை மாமா விசாரித்துப் பிடித்தார். மீனுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். ஊரிலேயே தொழில், அதுவும் அவருக்கு மிகச் சுத்தமாகத் தெரிந்த ஒரே தொழில்.

"ஊரு ஊரா மீன் நாத்தத்தோட சுத்துனவன், இப்ப ஒக்காந்த எடத்துல மொதலாளி ஆயிட்டான்" என்றார் அப்பா.

"ஒக்காந்த எடம்னா சரியான வார்த்தை மச்சான்" என்றார் மாமா. "குந்தி குந்தி முட்டிதான் போச்சு."

குடோன் ஜன்னலில் அடைத்த சாக்கை அவர் எடுக்கவே இல்லை. அறுவடை முடிந்த பிறகு ரோட்டுப் புழுதி வரும் என்றார். மார்கழியில் பனி இறங்கும் என்றார். ஒவ்வொரு மாதத்துக்கும் கதவைச் சாத்த ஒரு காரணம் இருந்தது.

வாரக்கடைசியில்தான் நான் வருவேன். ஒரு ஞாயிறு அவர் மகள் என்னிடம் வந்து புகார் சொன்னாள். அவளுக்கு ஏழு வயது முடிந்திருந்தது.

"அக்கா, அத்தா செண்டு மணக்கவே மாட்டேங்குது."

"என்ன செண்டு?"

ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினாள். பென்சில்களுக்கு நடுவே நீலநிற இன்ஹேலர். அத்தா குடோனுக்குப் போகும்போது அதை எடுத்துப் போய்க் கொடுப்பது அவள் வேலை. இது என்ன என்று கேட்டதற்கு, வாய் மணக்க அடிக்கும் செண்டு, அம்மாவிடம் சொன்னால் அம்மாவும் கேட்பாள், நமக்குள்ளேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். அவள் ஆண்டு விழாவுக்குப் போகும்போது அதைப் பாவாடை முழுக்க அடித்துக்கொண்டு போயிருக்கிறாள்.

"யாருக்குமே மணக்கல" என்றாள்.

டாக்டரிடம் போயிருக்கிறார் என்று ஒரு நிம்மதி எனக்கு. அதன் பிறகுதான் மற்றது உறைத்தது: அந்த மருந்தை அடித்துக்கொண்டுதான் அவர் பூச்சு வேலை பார்க்கிறார், மறைக்க மகளையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

டிப்ளமோ மூன்றாம் வருஷம் பயிற்சிக்கு ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். முதல் நாள் பாதுகாப்பு வகுப்பு. அங்கே ஒரு பீப்பாயைக் காட்டி, அதன் ஒட்டுத்தாளை வாசிக்கச் சொன்னார்கள். கம்பெனி வேறு, வரிசை வேறு, வரி அதே வரி. வகுப்பெடுத்தவர் விளக்கினார். பூச்சு இறுகுவதற்காக இதில் கலக்கும் ஹார்ட்னர் ஒருமுறை ஒருவருடைய நுரையீரலுக்குப் பகையாகிவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சுக்குழாய் இறுகும். முகமூடிக்குள் வெளியிலிருந்து குழாயில் காற்று வர வேண்டும். அப்படிப்பட்டவரை இந்தப் பீப்பாய் இருக்கும் கட்டடத்துக்குள்ளேயே விடமாட்டோம் என்றார். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதினேன். அந்தப் பக்கத்தில் என் எழுத்து மட்டும் பெரிதாக இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் குடோனுக்குப் போனேன். மாமா ஒரு வண்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். கழுத்து நரம்புகள் மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வந்தன.

"மாமா, அன்னிக்கு நான் ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன்."

"என்னிக்கு?"

"டின்னு வாசிச்ச அன்னிக்கு. ஆறாவது. கவனமா இருக்கணும்னு போடல. இளைப்பு இருக்கறவங்க தொடவே கூடாதுன்னு போட்டுருக்கு."

அவர் டேப்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும்மா."

"எப்படித் தெரியும்?"

"அங்க ஒரு மலையாளிப் பையன் வாசிச்சுச் சொல்லுவான். எல்லாத்தையும் கடகடன்னு சொல்லிட்டு வருவான். அந்த எடத்துல வந்து நிறுத்துவான். எங்க மூஞ்சியப் பாப்பான். அப்பறம் என்னமோ சொல்லுவான். நீயும் அதே எடத்துல நிறுத்துனே." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எல்லாரும் அங்க வந்துதான்மா நிறுத்துறீங்க."

அவர் டேப்பின் அடுத்த துண்டைக் கிழித்தார்.

"எங்க ரூம்புல ஒரு வங்காளத்துக்காரன் இப்படித்தான் இழுத்து இழுத்துப் போய்ச் சேந்தான். எனக்குப் படிக்கத்தான் தெரியாது."

"அப்ப விட்டுருங்க மாமா. மீனுக்கே போங்க."

"மீனு ஏத்தத் தெம்பு இல்லம்மா. பெட்டி தூக்க முடியல. இதுன்னா குந்திக்கிட்டே பாத்துரலாம்." பிறகு, "அது இப்பத்தான் அத்தா அத்தான்னு பின்னாடியே சுத்துது. இப்பப் போயி ஏஜெண்டுகிட்ட நிக்கச் சொல்றியா? அங்கயும் நெஞ்சுப் படம் எடுத்துப் பாத்துட்டுத்தான் அனுப்புவான். என் படத்தப் பாத்தா அனுப்பமாட்டான்."

போகக்கூடாது என்று நினைத்தவர், போகவும் முடியாதவராகிவிட்டிருந்தார். அதற்கும் மேலே ஏதோ ஒன்றைப் போட்டு மூடி வைத்திருந்தார்.

"மாமிட்டயாவது சொல்லுங்க."

"சொல்றேன். இந்த வண்டி முடியட்டும்."

கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார். "நீ அன்னிக்கு மாத்திச் சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல. நல்ல புள்ளைங்க அப்படித்தான் சொல்லும்." என்னைத் தேற்றத்தான் சொன்னார். அவர் எனக்குப் போட்ட உறை அது. என்மேல் அது ஒட்டவில்லை.

அந்த வண்டியை முடித்தார். அடுத்ததையும் முடித்தார். அதற்கடுத்த தைமாதம் ஒரு காலை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் இறந்துபோனார். நாற்பத்து நான்கு வயது. மையத்தை, அவர் உடலை, வீட்டில் வைத்திருந்தபோது மாமி திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லி அழுதார். ஐஸுதான், அந்தப் பாழாய்ப்போன ஐஸுதான், சூப்பர்வைசர் உத்தியோகம் பார்த்த மனுஷனை மீன்பெட்டி தூக்க வைத்துவிட்டோமே, நான்தானே போகவேண்டாம் என்றேன். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மாமியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆறாவது வரி எனக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் மனப்பாடமாக இருந்தது.

பிக்கப்பை விற்றுவிட்டார்கள். போன மாதம் விடுமுறைக்கு வந்தபோது பாபநாசத்தில் ஒரு டீக்கடை வாசலில் அதைப் பார்த்தேன். நம்பரை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். முகப்பில் வேறு சாமி படம், வேறு பெயர். தொட்டி நிறைய நாற்றுக் கட்டுகள் ஏற்றி இறக்கிய சேறு. ஓட்டி வந்தவரிடம் கேட்டுவிட்டுப் பின்கதவை இறக்கி ஏறினேன்.

"என்னங்க பாக்கறீங்க?"

"இந்தப் பூச்சு."

"அதுவா? வாங்கும்போதே இருந்ததுங்க. கல்லு மாதிரி கெடக்கு. யாரு போட்டாங்கன்னு தெரிஞ்சா இன்னொரு வண்டிக்கும் போடலாம்னு பாக்கறேன். உங்களுக்குத் தெரியுமா?"

"அவர் இப்ப போடறதில்லீங்க" என்றேன்.

என்னிடம் கருவி எதுவும் இல்லை. ஒரு ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே போனேன். அடியில் விட்டுப்போயிருந்தால் சத்தம் மாறும். எங்கும் மாறவில்லை. பின்கதவு மூலையில் சேற்றைத் துடைத்தேன். நாலு பதரும் இருந்தன, கறுப்புக்குள் பாதி புதைந்து. சுற்றிலும் நகத்தால் கீறிப் பார்த்தேன். அந்த இடம் வழியாகவும் உப்பு இறங்கவில்லை.

இப்போதைய நிலை இது. வண்டி ஓடுகிறது. தொட்டியில் துரு இல்லை. குடோனை இடித்துவிட்டு அங்கே கல்யாண மண்டபம் கட்டுகிறார்கள். மகள் பத்தாவது படிக்கிறாள், மேலே என்ன படிக்கலாம் என்று எனக்கு போன் செய்து கேட்கிறாள். மாமி வீட்டில் ஐஸ் சேர்ப்பதில்லை. புகைப்படம் பாலித்தீனோடு சுவரில் இருக்கிறது. இது அச்சில் வந்தால் மகள் வாசித்துவிடுவாள், ஆகவே அதற்கு முன் நான் நேரில் போய் மாமியிடம் சொல்ல வேண்டும். இதை எழுதி முடிக்கும் இந்த நேரம் வரை சொல்லவில்லை.